பயிற்சி விமானத்துல விளக்கெண்ணெய்: டைகர் மாத்தா, அவ்ரோ 504-ஆ?

ஆத்தூர்_ஆமணக்கு:
வணக்கங்க. ஏத்தாப்பூர் பக்கம் ஒரு பள்ளிக் கண்காட்சிக்கு ஆமணக்கு பற்றிப் பலகை தயாராகுது. "டைகர் மாத் பயிற்சி விமானம் விளக்கெண்ணெயில் ஓடியது" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்காங்க. சரிங்களா? அது எரிபொருளா, மசகெண்ணெயா? மணிக்கு எவ்வளவு செலவாகும்? பிள்ளைங்க முன்னாடி செய்து காட்ட ஏதாவது சோதனை இருக்கா?

சுழல்இன்ஜின்:
அந்த வரியை எடுத்துடுங்க. டைகர் மாத் முதலில் பறந்தது 1931 அக்டோபரில். அதோட ஜிப்சி இன்ஜினில் நாலு சிலிண்டரும் வரிசையா அசையாம நிற்கும், ஊத்துறது மினரல் ஆயில், அதாவது கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற மசகெண்ணெய். விளக்கெண்ணெய் குடிச்சது அதுக்கு முந்தின தலைமுறை. 1913 செப்டம்பரில் பறந்த அவ்ரோ 504 அதில் ஒண்ணு. அங்கேயும் எரிஞ்சது பெட்ரோல்தான், விளக்கெண்ணெய் மசகு மட்டும்.

504-ல இருந்தது ரோட்டரி இன்ஜின். அதில் கிராங்க் ஷாஃப்டை, அதாவது இன்ஜினின் நடுத்தண்டை, விமானத்தோடு பூட்டிடுவாங்க. சிலிண்டர்கள் எல்லாம் ப்ரொப்பல்லரோடு சேர்ந்து சுத்தும். பெட்ரோலும் காத்தும் உள்கூடான அந்த ஷாஃப்ட் வழியா கிராங்க் கேஸுக்குள்ள (அதைச் சுத்தியுள்ள கூட்டுக்குள்ள) வந்துதான் சிலிண்டருக்குப் போகும். அங்க மினரல் ஆயில் இருந்தா பெட்ரோல் கரைச்சுக் கழுவிடும். பேரிங் காய்ஞ்சு பிடிச்சுக்கும். விளக்கெண்ணெயில் பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியால பெட்ரோல் அதைச் சுலபமாக் கரைக்காது.

ஊத்தின எண்ணெய் திரும்பித் தொட்டிக்கு வராது. சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு, புகையோடு விமானியின் முகத்துலயும் கண்ணாடியிலயும் தெறிக்கும். 130 குதிரைத்திறன் கிளெர்ஜெட் இன்ஜினுக்கு மணிக்குச் சுமார் 2 காலன், அதாவது 9 லிட்டர் போகும்.

கோஸ்போர்ட்:
504 பயிற்சிக்குன்னு பிறந்ததில்லை. 1914 நவம்பர் 21 அன்று மூணு 504-கள் பெல்ஃபோர்ட்டிலிருந்து கிளம்பி, ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் செப்பலின் வான்கப்பல் கொட்டகைகள் மேல குண்டு போட்டன. வேகம் பத்தாம சீக்கிரமே போர்முனையை விட்டு வந்தது. 1917-ல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட்டில், விமானப் பயிற்சியாளர் ராபர்ட் ஸ்மித்-பாரி கையில்தான் அதுக்கு மறுவாழ்வு. ரெண்டு இருக்கையிலும் கட்டுப்பாடு, ஆசிரியர் பேச ஒரு குழாய். ஆபத்தைத் தவிர்க்கச் சொல்லாம, சுழன்று விழறதை வேணும்னே செய்யவச்சு மீளக் கத்துக்கொடுத்தார்.

அப்போ 504ஜே ரகத்தில் இருந்தது 100 குதிரைத்திறன் மோனோசுபாப் இன்ஜின். அதுக்கு த்ராட்டில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) கிடையாது. இறங்கும்போது, இக்னிஷனை (தீப்பொறியை) நிறுத்தும் பொத்தானை விட்டு விட்டு அழுத்தணும். அதிக நேரம் அழுத்திப் பிடிச்சா எரியாத பெட்ரோல் இன்ஜின் மூடிக்குள்ள தேங்கும். பொத்தானை விட்டதும் தீப்பிடிக்கலாம். மோனோசுபாப் கிடைக்காமப் போகவே, கிளெர்ஜெட், 110 குதிரைத்திறன் லெ ரோன் எதையும் மாட்டும்படி பொதுத் தாங்கியோடு வந்ததுதான் 504கே. பலகையில் இதையே போடுங்க.

ஆத்தூர்_ஆமணக்கு:
ரொம்ப நன்றிங்க. சோதனைக்குப் பெட்ரோல் கொண்டுவர விடமாட்டாங்களே?

சுழல்இன்ஜின்:
விடவும் கூடாது. எதிர்ப்பக்கத்தைக் காட்டுங்க: பெட்ரோலில் சுலபமாக் கரையாத விளக்கெண்ணெய், ஆல்கஹாலில் கரையும். ரெண்டு சோதனைக்குழாயில் தலா 10 மி.லி. எத்தனால், 95 சதவீதமாவது இருக்கணும். ஒண்ணில் 2 மி.லி. விளக்கெண்ணெய், இன்னொண்ணில் 2 மி.லி. நல்லெண்ணெய் விட்டுக் குலுக்குங்க. விளக்கெண்ணெய் கரைஞ்சு தெளிவாகும், நல்லெண்ணெய் கலங்கி அடியில் தங்கும். தண்ணி கலந்த ஸ்பிரிட்டில் ரெண்டுமே சொதப்பும். ஆசிரியர் கூட இருக்கணும், பக்கத்துல நெருப்பு ஆகாது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா, விமான எண்ணெய்க்காக இந்தியாவிலிருந்து ஆமணக்கு விதை தருவிச்சுத் தன் நாட்டில் விதைக்க வச்சது. எழுதலாம். ஆனா ஊர்ப்பாசத்துல அதைச் சேலத்து விதைன்னு நீட்டிடாதீங்க.

கோஸ்போர்ட்:
படம் தேடும்போதும் கவனம். 504கே-யில் ரெண்டு சக்கரத்துக்கு நடுவே முன்னாடி நீளும் மரச் சறுக்குக்கட்டை இருக்கும். வாலில் நிலைத்த துடுப்பு இல்லாம கமா வடிவ ரட்டர் (திசை திருப்பும் பலகை) மட்டும். இறக்கை பின்னோக்கிச் சாய்ஞ்சிருந்தா அது டைகர் மாத். முன்னிருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வசதியா நடு இறக்கையை முன்னாடி தள்ளினதால வந்த சாய்வு அது.