வெயில் காலத்தில் தானாக அணையும் கணினி: உங்கள் அனுபவம் என்ன?

வேலூரில் சிறிய டிடிபி கடை நடத்துகிறேன். சித்திரையில் கல்யாணப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த நேரம் பார்த்துக் கணினி அணையத் தொடங்கியது. பெரிய கோப்பை பிடிஎஃப் ஆக்கும்போது பட்டென்று திரை இருண்டுவிடும். உடனே போட்டால் இன்னும் சீக்கிரம் அணையும்; ஆறவிட்டுப் போட்டால் சற்றுத் தாக்குப்பிடிக்கும். சூடுதான் காரணம் என்று இதிலேயே பிடிபட்டிருக்க வேண்டும். ஆனால் பழுது பார்க்க வந்தவர் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினார், விண்டோஸைப் புதிதாக ஏற்றினார், காசை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே கதை.

விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்றிருப்பதைப் பார்த்து மின்கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். முறையாக மூடாமல் கணினி நின்றது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்வதில்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புத் திரையில் வெப்பநிலைப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். எந்த வேலையும் ஓடாமலே எண் கண்ணெதிரே 90 டிகிரியைத் தாண்டியது. இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கணினியையே நிறுத்திவிடும்.

கேபினட்டைத் திறந்தால் விசிறி நன்றாகவே சுற்றுகிறது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. விசிறியைத் தனியே கழற்றியபோதுதான், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டுபோல் தூசி படிந்திருந்தது தெரிந்தது. போதாததற்கு, பிராசஸரின் சூட்டை இழுக்கும் அந்தத் தகட்டுத் தொகுதியின், அதாவது ஹீட்சிங்க்கின், நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று மதர்போர்டில் பதியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. பிராசஸரிலிருந்து ஹீட்சிங்க்குக்குச் சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் பொரிந்து உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்து, ஊசிகளை எதிரெதிர் மூலையாக அழுத்தினேன். நான்கும் 'டக்' என்று விழ வேண்டும்; ஒன்று விழாவிட்டாலும் பயனில்லை. அதற்குப் பிறகு நாள் முழுக்க ஓடியும் அணையவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

மறுமொழி (திருச்சியிலிருந்து):
ஏஎம்4 வகை சாக்கெட்டில் ஏஎம்டியின் ரைசன் பிராசஸர் வைத்திருப்பவர்கள் ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள ஊசிக்கால்கள் வளையும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுவதற்குள் இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

மறுமொழி (கோவையிலிருந்து):
ப்ளோயரால் ஊதும்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். எங்கள் வீட்டில் கேபினட் மேசையின் அடைத்த அறைக்குள் இருந்தது. உள்ளே எல்லாம் சுத்தம், பேஸ்ட்டும் புதிது, ஆனாலும் அணைந்தது. மேசையின் பின்பலகையைக் கழற்றிப் போட்டோம், அணைவது நின்றுவிட்டது.