பருத்தித் துணி வெட்டித் தரும் கடை தெரியுமா?

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைக்கிறேன். எங்கள் கடைத்தெருவில் மீட்டர் கணக்கில் துணி தந்த கடைசிக் கடையும் சென்ற மாதம் மூடப்பட்டுவிட்டது. கால் மீட்டர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் கிழித்துத் தருவார் அந்தப் பெரியவர்.

இணையத்தில் பருத்தி என்று சொல்லி வந்த துணியில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். காகிதம்போல் சாம்பலாகாமல் உருகிக் கெட்டி மணியாக உருண்டுவிட்டது. பாலியஸ்டர் கலப்பு! மனம் நொந்துவிட்டது.

பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ சாயம் போகாத, 44 அங்குல அகலப் பருத்தித் துணியைச் சில்லறையாக வெட்டித் தரும் கடை தெரிந்தால் சொல்லுங்கள். அண்ணன் மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையின் போர்வை பாதியில் நிற்கிறது. இன்னும் ஒன்பது கட்டங்கள் பாக்கி.