‘ஒரு மாதிரி இருக்கு’

பாம்பனிலிருந்து ஒருவர்:

எனக்கு எண்ணச் சுழற்சி நோய் (OCD) இருப்பது தெரிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விசைப்படகுக்கு நங்கூரம் பாய்ச்சிவிட்டுக் கரைக்கு வந்த பிறகு, கயிறு அவிழ்ந்திருக்குமோ என்ற எண்ணம் வந்துவிட்டால், நள்ளிரவானாலும் மச்சானை எழுப்பி, வல்லத்தைத் தள்ளிக்கொண்டு போய், ஈரக் கயிற்றின் பிசிறு உள்ளங்கையில் குத்தக் குத்த முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். சில இரவுகளில் மூன்று முறை. முடிச்சு அவிழாது என்பது எனக்கே தெரியும். தெரிந்தே செய்வதுதான் இதன் கொடுமை.

மதுரையில் நான் பார்த்த உளவியலாளர், முடிச்சைப் போய்ப் பார்க்காமல் கரையிலேயே இருந்து பழகும் பயிற்சியைத் தொடங்கியபோது, அந்த நேரத்துத் தவிப்புக்கு 0 முதல் 100 வரை ஓர் எண் சொல்லச் சொன்னார். எண் வரவில்லை. என்ன உணர்வு என்று கேட்டதற்கும் ‘ஒரு மாதிரி இருக்கு’ என்பதைத் தவிர எனக்குப் பதில் இல்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று முகத்தில் பட்டதுமே காற்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறவன் நான். உணர்வுக்குச் சொல் கிடைக்காத இந்த நிலைக்கு 1970களில் பீட்டர் சிஃப்னியாஸ் என்ற மனநல மருத்துவர் அலெக்சிதைமியா என்று பெயரிட்டார் என்றும், அது தனி நோயன்று, எண்ணச் சுழற்சி நோய் உள்ள எல்லோருக்கும் அது இருப்பதுமில்லை என்றும் உளவியலாளர் விளக்கினார். பெயர் தெரிந்ததால் எனக்குப் பெரிய பயன் ஏதும் விளையவில்லை.

பயன் தந்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நின்றது; நங்கூரத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் அதே நேரத்தில் அதே நெஞ்சடைப்பு வந்தது. வந்து, மூடினேனா இல்லையா என்று கேஸ் ரெகுலேட்டரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் முதலில் வருவது கயிறு பற்றிய சந்தேகமன்று, அந்த நெஞ்சடைப்புதான். டீசல் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், எங்கே அடைக்கிறது, அதற்குமுன் என்ன நடந்தது என்று குறித்துவந்தேன். பயம் என்று நான் சொல்லிவந்ததில் பாதி பயமே இல்லை. ஒரு காரியம் சரியாக முடியவில்லை என்ற உறுத்தல். மீதியில், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசிப்போன நாள்களின் அவமானம் இருந்தது.

கீழக்கரையிலிருந்து ஒரு தாய்:

தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளுவை என் மகள் ஏழெட்டு முறை செய்வாள். மனத்தில் ஓயாமல் எழும் இந்தச் சந்தேகத்தை எங்களிடையே வஸ்வாஸ் என்பார்கள். பெரியவர்கள் ஓதிப் பார்க்கச் சொன்னார்கள், ஓதியும் பார்த்தோம், மருத்துவரிடமும் போனோம். எப்போது கேட்டாலும் ‘பயமா இருக்கு’ என்பாள்; நானும் அதையே நம்பி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே எழுதியவர் குறித்துவந்ததைப் போல அவளையும் குறிக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஒரு நாள் மாலை, நனைந்த கைகளைத் துடைக்காமலே வந்து நின்று, ‘பயமில்ல உம்மா, உங்க மேல கோவம்’ என்றாள். அன்று அவள் எத்தனை முறை குழாயடிக்குப் போனாள் என்பதை நான் எண்ணவில்லை.