பாட்டியின் ஏழுகல் தோட்டில் ஒரு கல் மட்டும் லேபில் வளர்த்த வைரமா?

காவிரிக்கரை:
பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த ஏழுகல் தோடு. ப்ளூ ஜாகர் வைரம் என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தார். போன ஆவணியில் இடது தோட்டில் ஓரக்கல் ஒன்று விழுந்துவிட்டது. ஒரு கடையில் 10 சென்ட் (0.10 காரட்) கல் வாங்கிக் கட்டிக்கொண்டோம். இயற்கை வைரம் என்று வாயால் சொன்னார்கள். பில்லில் ‘வைரம்’ என்று மட்டும்தான் இருக்கிறது. காலை வெயிலில் வாசலில் நின்றால் மற்ற கற்கள் லேசாக நீலம் அடிக்கின்றன, அது மட்டும் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அம்மா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டார். வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

சிவகங்கைச் சீமை:
வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி சட்டென்று மறைந்தால் அசல். இல்லையென்றால் கடையில் டெஸ்டர் பேனா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கல்பிரிப்பவன்:
இரண்டும் இதற்கு உதவாதுங்க. லேபில் வளர்த்ததும் அசல் வைரம்தான். ஆவியும் அதேபோல் மறையும், பேனாவும் அதேபோல் பீப் அடிக்கும். கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்பதைத்தான் பேனா பார்க்கிறது. அமெரிக்கன் டைமண்டைப் பிடிக்கும், இதைப் பிடிக்காது. 19 வருடமாகக் கல் பிரிக்கிறேன். வெறும் லென்ஸை வைத்து இது லேப், இது இயற்கை என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

அம்மா கண்ணில் பட்ட நீலம் நல்ல துப்பு. ப்ளூ ஜாகர் என்ற பெயரே தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தால் வந்தது. கல்லுக்குள் இருக்கும் நைட்ரஜன் அணுக்கள், பூமிக்கடியில் கோடிக்கணக்கான வருடம் கிடந்ததில் மூன்று மூன்றாகச் சேர்ந்திருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டதும் அவைதான் நீலமாக ஒளிர்கின்றன. லேபில் வாயுவிலிருந்து கரியைப் படியவைத்து வளர்க்கும் சிவிடி முறையில் சில வாரத்தில் வளரும் கல்லில் அந்த நைட்ரஜன் கூட்டம் இருக்காது.

ஆனால் அவசரப்பட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இயற்கை வைரத்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இப்படி ஒளிரும். லேப் கல்லைச் சலித்தெடுக்கும் ஜிஐஏ ஐடி100 கருவி வைத்திருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். கல்லைக் கழற்றவே வேண்டாம், முனையைக் கல்லின் மேல் வைத்தால் போதும். இயற்கை என்றால் பாஸ் என்று காட்டும், சந்தேகம் என்றால் ரெஃபர், அதாவது மேல்சோதனை வேண்டும் என்று காட்டும். ரெஃபர் வந்தாலும் லேப் என்று முடிவு கட்டக் கூடாது. நைட்ரஜன் இல்லாத இயற்கைக் கல்லும் நூற்றுக்கு ஒன்றிரண்டு உண்டு. ரெஃபர் வந்தால்தான் கழற்றிப் பரிசோதனை லேபுக்கு அனுப்ப வேண்டும். கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், எடையை எழுதி வாங்குங்கள்.

காவிரிக்கரை:
அண்ணா, போய் வந்தோம். இரண்டு தோட்டிலும் மற்ற 13 கல்லும் பாஸ். இந்தக் கல் மூன்று முறை வைத்தும் ரெஃபர். லேபுக்கு அனுப்பினோம், இன்று அறிக்கை வந்தது: சிவிடி. கடைக்காரர் கல்லை மாற்றித் தருகிறேன் என்கிறார். அம்மா முகம் இன்னும் தெளியவில்லை. ‘லேப் கல் மட்டம் என்று நான் சொல்லவில்லை, என்னிடம் சொல்லிவிட்டுக் கட்டியிருக்கலாமே’ என்கிறார்.

கல்பிரிப்பவன்:
அம்மா சொல்வது நியாயம். புதுக்கல் எடுக்கும்போது ‘இயற்கை வைரம்’ என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புற ஊதா டார்ச் ஒன்றையும் தோட்டையும் கொண்டுபோய், விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே நீலம் அடிக்கும் கல்லாகக் கேளுங்கள். பட்டையும் பழைய வெட்டாக இருக்கட்டும். நாள் பிடிக்கும், ஆனால் கிடைக்கும்.