சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் பயணம்: வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்?

பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் வணக்கம். வரும் மார்ச் மாதம் நான், அப்பா, என் ஏழு வயதுப் பையன் மூன்று பேரும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் போகிறோம் (இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயர்தான்). விமானத்தில் போனால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் இறங்கிவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அப்பா எண்பதுகளில் அங்கே வேலை பார்த்தவர், அப்போதெல்லாம் கப்பலில்தான் போய் வருவார், இன்னொரு தடவை அதே மாதிரி போக வேண்டும் என்பது அவருடைய ரொம்ப நாள் ஆசை. இப்போது 71 வயது. இன்னும் தள்ளிப்போட எனக்கு மனம் இல்லை.

பயம் எல்லாம் வாந்தியைப் பற்றித்தான். போன வருடம் கொல்லிமலை போனோம், 70 கொண்டை ஊசி வளைவு, பாதி ஏறுவதற்குள் பையன் நான்கு தடவை வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, பஸ்ஸில் போனைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். அப்பாவுக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் செய்யாதாம், ஆனால் இப்போது பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட்டுக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். மலைப்பாதை என்றால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும், இது ஏறக்குறைய மூன்று நாள், நடுவில் இறங்க முடியாது. என்ன மாத்திரை, எப்போது போடுவது, எந்த வகுப்பில் டிக்கெட் எடுப்பது, என்ன சாப்பிடக் கொடுப்பது? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தாம்பரம்வாசி:

குழந்தைகளுக்கு வாந்தி என்றால் டாக்டர் எழுதிக் கொடுப்பாரே ஒன்டான்செட்ரான் சிரப், அதை ஒரு பாட்டில் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாந்தி வந்ததும் கொடுத்தால் நின்றுவிடும். ஏறும் அன்று எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு ஏறுங்கள். வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் வெளியே வர என்ன இருக்கிறது?

ராயபுரம்_மாமா:

நான் மூன்று தடவை அந்தக் கப்பலில் போய் வந்திருக்கிறேன் அம்மா, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மார்ச் நல்ல மாதம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வங்கக் கடலில் வாடைக்காற்றும் புயலும் இருக்கும், ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தமான் பக்கம் கொந்தளிக்கும். நடுவில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல்தான் கடல் பெரும்பாலும் அமைதி. அதற்காக ஆடவே ஆடாது என்று நினைக்காதீர்கள். துறைமுகத்துக்குள் இருக்கும்வரை கப்பல் வீடு மாதிரி அசையாமல் நிற்கும், அலைதடுப்புச் சுவரைத் தாண்டி வெளியே வந்த அரை மணியில் ஒரு மெதுவான ஏற்றமும் இறக்கமும் தொடங்கும் பாருங்கள், அதுதான் ஆளைச் சாய்ப்பது. வேகமாகக் குலுக்கினால்கூட உடம்பு தாங்கிக்கொள்கிறது. ஐந்து நொடிக்கு ஒரு தடவை மேலே போய்க் கீழே வருகிற அந்த மந்தமான ஆட்டம்தான் குமட்டலை அதிகம் கிளப்புகிறது.

டிக்கெட் விஷயம். காசு அதிகம் கொடுத்து மேல்தளத்து அறை எடுத்தால் சொகுசு என்று நினைப்போம், சொகுசுதான், ஆனால் கப்பல் ஊஞ்சல் மாதிரி, உயரம் போகப்போக வீச்சு அதிகம். கீழே பங்க் வகுப்பில் ஆட்டம் குறைவு, ஆனால் நிறையப் பேர், காற்று போதாது, பக்கத்தில் ஒருவர் வாந்தி எடுத்தால் அந்த வாடையே நமக்கும் வரவழைத்துவிடும். அதனால் குழந்தையும் பெரியவரும் இருக்கிறபோது நடு உயரத்தில், கப்பலின் நீளத்திலும் நடுப்பக்கமாக ஓர் அறை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். முன்முனையும் வேண்டாம், பின்முனையும் வேண்டாம்.

அறைக்குள்ளேயே அடைந்து கிடக்காதீர்கள். பகலில் தளத்துக்கு வந்துவிடுங்கள். கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பாருங்கள், பக்கத்து அலையைப் பார்க்கக் கூடாது, தூரத்துக் கோட்டைத்தான் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன், வாயில் ஊறிக்கொண்டே இருந்த உப்பு எச்சில் நின்றது, வயிறு கீழே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பையனை மட்டும் கம்பிப் பக்கம் தனியாக விடாதீர்கள். ராத்திரி கோடு தெரியாது, அப்போது மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வதுதான் வழி.

காசிமேட்டுத்தம்பி:

அக்கா, தாம்பரத்து அண்ணன் சொன்ன வெறும் வயிறு யோசனையை மட்டும் கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். புதிதாக விசைப்படகில் ஏறுகிற பையனுக்கு எங்கள் அப்பா முதலில் கேட்பது, சாப்பிட்டியா என்றுதான். வயிற்றில் ஒன்றும் இல்லாமல் ஓங்கரித்தால் மஞ்சள் பித்தம்தான் வரும், விலா எலும்பெல்லாம் வலிக்கும், அதைவிடக் கொடுமை வேறு கிடையாது. அதற்காக வயிறு முட்டவும் கூடாது. இரண்டு இட்லி, கொஞ்சம் தயிர் சாதம், அவ்வளவுதான். எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி எதுவும் ஏறும் நாளில் வேண்டாம்.

புது ஆளை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார விடமாட்டோம், அங்கேதான் தூக்கிப் போடும். பின்முனையான அமரத்தில் எஞ்சின் புகை. நடுவில்தான் உட்கார வைப்போம். குனிந்து வலை பிரிக்கிற வேலையை முதல் நாள் கொடுக்க மாட்டோம், குனிந்தால் உடனே வந்துவிடும். ரொம்ப முடியவில்லை என்றால் கொஞ்ச நேரம் சுக்கானைப் பிடிக்கச் சொல்வார் அப்பா. பிடித்ததும் பாதி சரியாகிவிடும், ஏனென்றால் படகு எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அவனுக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது. கார் ஓட்டுகிறவருக்கு வாந்தி வருவதில்லையே, அதே கதைதான். உங்கள் பையனுக்குச் சுக்கான் தர மாட்டார்கள், ஆனால் தூரத்தில் அலை வருவதைப் பார்த்து, இதோ தூக்கப் போகுது, இதோ இறக்கப் போகுது என்று அவனையே சொல்ல வையுங்கள். என் அக்கா பையனுக்கு இப்படித்தான் செய்தோம். போன், கார்ட்டூன், வண்ணம் தீட்டுகிற புத்தகம் எல்லாம் பையிலேயே இருக்கட்டும்.

மருந்தாளுநர்_அயனாவரம்:

மருந்துக் கடையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். சகோதரி கேட்டது முக்கியமான கேள்வி, அதுவும் அப்பாவின் மாத்திரைகளைச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒன்டான்செட்ரான். அது நல்ல மருந்துதான், வயிற்றுப்போக்கோடு வருகிற வாந்திக்கும் புற்றுநோய் சிகிச்சையில் வருகிற வாந்திக்கும். ஆனால் கடல் வாந்தி வயிற்றில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அதற்குள் திரவம், அதுதான் நாம் அசைகிறோமா என்று மூளைக்குச் சொல்வது. கண் அறைச் சுவரைப் பார்த்து அசையவில்லை என்கிறது, காது ஆடுகிறோம் என்கிறது, மூளை குழம்பி வாந்தி மையத்தைத் தூண்டிவிடுகிறது. ஒன்டான்செட்ரான், டோம்பெரிடோன் இரண்டும் இந்த வழியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இதற்கு வேலை செய்வது ப்ரோமெத்தசின் (அவோமின் என்று வருகிறதே அது), மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்றவை.

இரண்டாவது, நேரம். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாத்திரை ஆட்டம் தொடங்கும் முன்பே உடம்பில் இருக்க வேண்டும். குமட்டல் வந்துவிட்டால் இரைப்பை வேலையை மந்தமாக்கிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அடுத்த வாந்தியில் வெளியே வந்துவிடும். எங்கள் கடைக்கு வந்து, மாத்திரை போட்டும் கேட்கவில்லை என்று குறைப்படுகிறவர்களிடம் எப்போது போட்டீர்கள் என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் வாந்தி எடுத்த பிறகு என்பார்கள். நீண்ட பயணத்துக்கு ப்ரோமெத்தசினை முந்தின நாள் ராத்திரியே போடுவது வழக்கம். துறைமுகத்தில் சோதனை, வரிசை, கப்பல் கிளம்பத் தாமதம் என்று நேரம் இழுத்தாலும் கவலை இல்லை. தூக்கம் வரும், வாய் உலரும். மதுவோடு சேரவே கூடாது.

மூன்றாவது, உங்கள் அப்பா. அவருக்கு இந்த மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு ப்ரோமெத்தசின் மாதிரியான மருந்து சிறுநீரை அடைத்துவிடலாம். நடுக்கடலில் சிறுநீர் அடைப்பு என்றால் எவ்வளவு அவஸ்தை என்று சொல்ல வேண்டியதில்லை. வயதானவர்களுக்குத் தலை கிறுகிறுத்து, குழப்பம் வந்து, ஆடுகிற படிக்கட்டில் விழுகிற அபாயமும் உண்டு. கண்ணில் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தாலும் ஆகாது. அவருடைய மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போங்கள். பையனுக்கு எடை பார்த்துத்தான் அளவு, அதையும் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் ப்ரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டிலிருந்து பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் பயண வாந்தி அதிகம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அதிகம். ஆகவே உங்கள் பயம் நியாயமானதுதான். புது மாத்திரையை வீட்டில் ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், யாருக்கு எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துவிடும்.

வாந்தி வந்தே விட்டால் உடனே தண்ணீரை டம்ளர் டம்ளராகக் கொடுக்காதீர்கள். பத்து நிமிடம் சும்மா விடுங்கள். அப்புறம் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன், தங்கினால் இரண்டு ஸ்பூன். பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கூப்பிட்டால் பதில் மந்தமாக வருகிறது என்றால் காத்திருக்காமல் கப்பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பெரம்பூர்க்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மருந்தாளுநர் அண்ணா, அந்தப் புராஸ்டேட் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, மூன்று பேருக்கும் ஒரே அட்டை வாங்கி வைத்திருந்தேன். நாளைக்கே டாக்டரைப் பார்க்கிறேன். இஞ்சி மொரப்பா வேலை செய்யுமா? மணிக்கட்டில் அழுத்துகிற பட்டை?

மருந்தாளுநர்_அயனாவரம்:

இஞ்சி சிலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது, எல்லோருக்கும் இல்லை. மொரப்பா கெடுதல் ஒன்றும் செய்யாது, பையன் காரம் தாங்குவான் என்றால் சின்னத் துண்டாகக் கொடுங்கள். பட்டை பற்றி நடந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, பக்கவிளைவு இல்லாததால் கட்டிப் பார்ப்பதில் தவறில்லை. இரண்டும் மாத்திரைக்குப் பதில் ஆகாது, கூட வைத்துக்கொள்ளலாம்.

ராயபுரம்_மாமா:

ஒன்று விட்டுப்போயிற்று. அங்கே இறங்கியதும் ஹேவ்லாக் தீவுக்குப் போவீர்கள்தானே, அந்த வேகப் படகுகள் மூடிய ஏசி அறை, பலவற்றில் வெளியே வந்து நிற்க விட மாட்டார்கள். மூன்று நாள் கப்பலில் பழகிவிட்டோம் என்று அன்றைக்கு மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அந்தக் குலுக்கல் வேறு மாதிரி.

பெரம்பூர்க்காரி (ஏப்ரல்):

போய்விட்டு வந்துவிட்டோம், கேட்டவள் சொல்ல வேண்டும் இல்லையா, அதற்காக எழுதுகிறேன். டாக்டர் அப்பாவுக்கு மாத்திரையே வேண்டாம் என்றுவிட்டார். அப்பா காலையில் தளத்துக்குப் போய் உட்கார்ந்தால் சாயந்திரம்வரை அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு தடவைகூட வாந்தி இல்லை. பையன் முதல் நாள் ராத்திரி இரண்டு தடவை எடுத்தான், ஸ்பூன் ஸ்பூனாக ஓ.ஆர்.எஸ். கொடுத்தோம், விடியும்போது ரஸ்க் கேட்டான். இரண்டாம் நாள் மத்தியானத்திலிருந்து தாத்தா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தூக்கப் போகுது, இறக்கப் போகுது என்று கத்திக்கொண்டே இருந்தான். காசிமேட்டுத் தம்பிக்கு அவன் ஒரு நன்றி சொல்லச் சொன்னான். எனக்குத்தான் கஷ்டம், கட்டிலுக்கு அடியில் இருந்த பையில் துணி தேடிக் குனிந்தேன், அவ்வளவுதான், அதற்கப்புறம் மூன்றாம் நாள்தான் சாதம் இறங்கியது.

இப்போது ஒரு சந்தேகம். திரும்பவும் கப்பலில்தான் வந்தோம், வீட்டுக்கு வந்து இரண்டு நாளாகிறது. குளிக்கும்போது கண்ணை மூடினால் தரை இன்னும் ஆடுகிறது. இது சரியாகிவிடுமா?

மருந்தாளுநர்_அயனாவரம்:

ஆகிவிடும் சகோதரி. மூளை கப்பல் ஆட்டத்துக்குப் பழகிவிட்டது, தரைக்குத் திரும்ப ஓரிரு நாள் எடுக்கும். குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நடை போடுங்கள், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது சில சமயம் நீளும். இரண்டு மூன்று வாரம் ஆகியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், கப்பலில் போனதையும் மறக்காமல் சொல்லுங்கள்.