கேம் எஞ்சின் (கேம் செய்யுற சாஃப்ட்வேர்) செலக்ட் பண்ணதுல இன்னும் மனசுல உறுத்துற அனுபவம் இருந்தா சொல்லுங்க

ஆத்துமணல்:
ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் பொண்ணுக்கு ஒரு சொல் விளையாட்டு, படத்த பாத்து எழுத்த தட்டணும், அவ்ளோதான். எல்லாரும் யூஸ் பண்றாங்கன்னு ஒரு எஞ்சின எடுத்து மூணு மாசம் ராத்திரி ராத்திரி உக்காந்து மெனு, சவுண்டு எல்லாம் இங்கிலீஷ் எழுத்த வச்சே முடிச்சுட்டேன், தமிழ கடைசியா போட்டுக்கலாம்னு. போட்ட அன்னைக்கு ஸ்கிரீன்ல கொக்கு படம், கீழ க முதல்ல நிக்குது, கொம்பும் காலும் ரெண்டுமே அதுக்குப் பின்னாடி. அவ விரல வச்சு "கொம்பு முன்னாடி வரணும்ப்பா"ன்னா. ஆறு ஃபான்ட் மாத்திப் பாத்தேன், எழுத்தக் கோக்குற வேலையவே அந்த எஞ்சின் செய்யல. கோடாட் 4ன்னு ஒரு ஃப்ரீ எஞ்சின்ல எழுத்தக் கோக்குற ஹார்ஃப்பஸ் உள்ளயே இருக்கு, நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் ஃபைல போட்டதும் கொ கொ-வாவே வந்துச்சு. மூணு மாச வேலை திரும்ப முதல்லருந்து.

எட்டுபிட்:
எனக்கு எழுத்து வரைக்கும் போகவே இல்லண்ணா. 4 ஜிபி ரேம், ஹாஸ்டல்ல டெய்லி ஒன்றரை ஜிபி டேட்டா, கிராஃபிக்ஸ் சூப்பரா இருக்குன்னு பெரிய எஞ்சின் ஒண்ண ஃப்ரெண்ட்ஸ் ஹாட்ஸ்பாட்ல மாத்தி மாத்தி பத்து நாள் இறக்குனேன். காலி ப்ராஜெக்ட் ஓப்பன் பண்ணா 45 பர்சன்ட்லயே நிக்குது, லேப்டாப்ப தொட முடியல அவ்ளோ சூடு. கோடாட் 100 எம்பி கூட இல்ல. ரெண்டரர் (ஸ்கிரீன்ல படம் வரையுற பகுதி) மட்டும் கம்பாட்டிபிலிட்டி வைக்கணும், இல்லன்னா வல்கன்ங்கிற புது கிராஃபிக்ஸ் வசதி இல்லாத பழைய மெஷின்ல கஷ்டம்.

பழையகை:
ரெண்டு பேரும் எஞ்சின குத்தம் சொல்றீங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு சின்ன கேமையாவது முடிக்கிறவனுக்கு எந்த எஞ்சினும் ஓகே. எனக்கும் நடந்துச்சு, 2023 செப்டம்பர்ல யூனிட்டி எஞ்சின் கம்பெனி, கேம யாராவது இன்ஸ்டால் பண்ணா கேம் செஞ்சவங்க இவ்ளோ காசு தரணும்னு அறிவிச்சதும் பயந்து எட்டு மாச ப்ராஜெக்ட நடுவுல விட்டேன், அடுத்த செப்டம்பர்ல அவங்களே அத வாபஸ் வாங்கிட்டாங்க, என் கேம் மட்டும் திரும்ப வரல. அதனால சொல்றேன், லைசென்ஸ முதல்ல படிங்க. அன்ரியல் எஞ்சின்ல ஒரு கேம் 10 லட்சம் டாலர் சம்பாதிச்ச அப்புறம்தான் அதுக்கு மேல வர்றதுல 5 சதவீதம் அவங்களுக்கு, நம்ம மாதிரி ஹாபிக்கு பண்றவங்களுக்கு அது கவலையே இல்ல. கோடாட் எம்ஐடி லைசென்ஸ், ஒரு பைசா கேக்க மாட்டாங்க, பழைய வெர்ஷனோடயே இருந்துக்கலாம். பிரவுசர்ல ஓடணும்னா கோடாட்டோட சொந்த கோடிங் மொழி ஜிடிஸ்கிரிப்ட்லயே எழுதுங்க, கோடாட் 4.0லருந்து 4.3 வரைக்கும் சி ஷார்ப்ங்கிற இன்னொரு மொழில எழுதுன ப்ராஜெக்ட் வெப்புக்கு எக்ஸ்போர்ட் ஆகாது. முதல் கேம்லயே மல்டிபிளேயர் வேண்டாம். ஒரு ஸ்கிரீன், ஒரு பட்டன், ஒரு சவுண்டு, அத போன்ல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் அடுத்தது.

ஆத்துமணல்:
லைசென்ஸ் விஷயம் சரிதாண்ணே. ஆனா எந்த எஞ்சினும் ஓகேன்னு மட்டும் சொல்லாதீங்க, படிக்கவே ஆரம்பிச்ச குழந்தைக்கு தப்பா உடைஞ்ச எழுத்த காட்ட முடியாது. இப்பல்லாம் புது டூல் எத திறந்தாலும் முதல்ல "கொக்கு"ன்னு டைப் பண்ணித்தான் பாக்கிறேன். எட்டுபிட் தம்பி, கேமோட வெப் லிங்க் அனுப்புறேன், உன் 4 ஜிபி மெஷின்ல ஓடுதான்னு பாத்து சொல்லுப்பா, கொம்பு முன்னாடி வருதான்னும் பாரு.