மிதித்தால் நிற்கும் கீச்சொலி: முன் இடது சக்கரத்தில் என்ன கோளாறு?

கேள்வி

வணக்கம். என்னுடையது முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் பின்பக்கம் டிரம் பிரேக்கும் உள்ள சிறிய பெட்ரோல் கார். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பத்து நாள்களாக முன் இடது சக்கரத்திலிருந்து, தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் ஒரு மெல்லிய கீச்சொலி வருகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், பிரேக்கில் கால் இல்லாதபோதுதான் அது கேட்கிறது. பெடலை லேசாக மிதித்தாலே நின்றுவிடுகிறது, காலை எடுத்தால் சில விநாடிகளில் மீண்டும் தொடங்குகிறது. வண்டி நிற்பதில் குறை தெரியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமலேயே சக்கரத்தோடு சுழலும் இரண்டு டிஸ்க்குகளையும், அவற்றை அழுத்தி வண்டியை நிறுத்தும் பேடுகளையும் மாற்றச் சொல்கிறார்கள். முன் பேடுகள் போட்டு 14,000 கிலோமீட்டர்தான் ஆகிறது என்பதால் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தினமும் குழந்தைகள் ஏறும் வண்டி என்பதால் அப்படியே விடவும் பயமாக இருக்கிறது. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

மறுமொழி 1

ஓசை எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் காலையில் வரும் உராய்வொலி, வார்ப்பிரும்பு டிஸ்க்கில் இரவோடு இரவாகப் படியும் துருவால் வருவது. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். உங்களுடையது அது அன்று. பேரிங் தேய்ந்திருந்தால் கீச்சென்று கேட்காது, ஹூம் என்ற இரைச்சலாகக் கேட்கும். ஸ்டியரிங்கை வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தின்மேல் சாய்வதால் இரைச்சல் கூடும். பிரேக்குக்கும் அதற்கும் பெரிதாகத் தொடர்பு இருக்காது.

டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டுக்கும் இடையில் சிறு கல் சிக்கினாலும் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கும். ஆனால் பெடலை மிதித்த அந்தக் கணமே அது நிற்பதற்குக் காரணமில்லை. ஆகவே பேடைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2

இருபது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன் ஐயா. பல பேடுகளில் ஓரமாக ஒரு சிறிய எஃகுப் பட்டை இருக்கும்; பேடின் கனம் ஏறக்குறைய 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறையும்போது அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். மிதித்தால் பட்டை அழுந்தி அதிர்வு அடங்கிவிடும். ஓசை நின்றுவிட்டது, எனவே பிரேக் நன்றாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான்.

14,000 கிலோமீட்டரில் ஒரு பக்கம் மட்டும் அந்த அளவு தேய்ந்திருந்தால், குற்றம் பேடில் இல்லை. சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் வெளிப் பேடு மட்டுமே தெரியும். உள் பேடு, பேடுகளைப் பிடித்து அழுத்தும் கவ்வியான காலிப்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும். காலிப்பர், கைடு பின்கள் என்ற சிறு கம்பிகளின்மேல் வழுக்கி நகர வேண்டும். அந்தக் கைடு பின் இறுகினாலோ, பேடைத் தள்ளும் பிஸ்டன் திரும்பாவிட்டாலோ ஒரு பேடு மட்டும் ஓயாமல் உரசித் தேயும். பிரேக்கை அதிகம் பிடிக்காமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, இரண்டு முன் சக்கரங்களுக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். இடப்பக்கம் அனல் கூடுதலாக அடித்தால் சந்தேகம் உறுதியாகிறது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள்.

கேட்டவர்

இடது சக்கரத்தில் அனல் கூடுதலாகவே இருந்தது. வேறொரு மெக்கானிக்கை அழைத்து, அருகில் நின்று பார்த்தேன். வெளிப் பேடில் 7 மில்லிமீட்டர் மீதமிருந்தது. உள் பேடில் 2 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை, அதன் பட்டையின் நுனி டிஸ்க்கில் தேய்ந்து கண்ணாடிபோல் பளபளத்தது. மேல் பின்னை விரலால் இழுக்க முடிந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் காய்ந்து துருவோடு சேர்ந்து பழுப்பு மண்போல் ஆகியிருந்தது. டிஸ்க்கை அளந்ததில், அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்ததால் மாற்றத் தேவைப்படவில்லை. புதிய பின், ரப்பர் உறைகள், இரண்டு பக்கத்துக்கும் பேடுகள் போட்டாயிற்று. ஓசை இல்லை.

மறுமொழி 2

நல்லது ஐயா. பின்னுக்குச் சிலிகான் வகை பிரேக் கிரீஸ்தான் போட்டார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, சில மாதங்களில் பின் மறுபடியும் இறுகும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அது வழிந்து பெயின்டைக் கெடுத்திருக்கும், அந்த இடத்தையும் பார்த்துத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். புதிய பேடு டிஸ்க்கோடு படிய முதல் 200 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்த்து ஓட்டுங்கள். வலப்பக்கப் பின்களையும் கழற்றிப் பார்த்தார்களா? உங்கள் குறிப்பில் அது இல்லை. அவற்றுக்கும் அதே வயதுதான்.